தொண்டைமான் அலமாரி

அத்தையின் மர அலமாரியில், கல்யாணப் பட்டுக்கு அடியில், இருபத்தோரு அட்டை மாத்திரை இருந்தது. அட்டைக்குப் பத்து. லெட்ரோசோல், 2.5 மில்லிகிராம். மாதம் மூன்று அட்டை வீதம் ஏழு மாதச் சரக்கு. ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. மாதவாரியாக ரப்பர் பேண்டு போட்டு, பக்கத்தில் இரண்டு பாச்சை உருண்டையும் வைத்திருந்தாள். மருந்துக் கடையில் இருந்திருந்தால்கூட இவ்வளவு புதுக்கருக்கோடு இருந்திருக்காது.

அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூதுபோன ஔவையார் அவனுடைய ஆயுதசாலையைப் பார்த்துப் பாராட்டியது நினைவுக்கு வந்தது. உன் வேல்களெல்லாம் மினுமினுவென்று அலங்காரமாக இருக்கின்றன, எங்கள் ஆளுடையவை முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்ற பொருளில் பேசினார், புறநானூற்றில் இருக்கிறது. தொண்டைமானுக்குக் கேட்க இனிமையாகத்தான் இருந்திருக்கும்.

அந்த அலமாரி முன்னால் நின்ற எனக்கும் பாராட்டத்தான் தோன்றியது. இருநூற்றுப் பத்து மாத்திரைகளை உறை கலையாமல் காப்பாற்றுவது ஒரு கிழவியால் தனியாக ஆகிற காரியமா? பல கைகள் சேர்ந்திருக்க வேண்டும். அவர்கள் யாரும் தங்கள் பங்கை வெளியே சொல்லிக்கொள்கிற ரகமல்ல. அதனால் நான் சொல்கிறேன்.

முதலில் ஊர். திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவை உண்டாக்கியவர், பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் திருவிதாங்கூர் திவானாக இருந்த ராஜா கேசவதாஸ். ஆ. மாதவன் பாத்திரக்கடை நடத்திக்கொண்டே, கண்ணெதிரே நடந்ததைக் கதைகளாக எழுதியது இந்தத் தெருவில்தான். அத்தை இதே தெருவில் நாற்பது வருஷமாகப் பூக்கட்டுகிறாள். தோவாளையிலிருந்து மூட்டை வந்து இறங்கும்போது அவள் வாழைநாரை நனைத்து மடியில் போட்டிருப்பாள். பிச்சிப்பூவை அவள் விரல் எடுப்பதும் முடிச்சு விழுவதும் கண்ணுக்குத் தெரியாது. முழம் நீளுவது மட்டும்தான் தெரியும்.

புற்றுநோய் விஷயத்தில் இந்த ஊரைக் குறைசொல்ல நாக்கு எழாது. 1981-ல் தொடங்கிய மண்டலப் புற்றுநோய் மையம், ஆர்.சி.சி., இங்கேதான் இருக்கிறது. மார்பைக் கையால் பரிசோதித்தே கட்டியை முன்கூட்டிப் பிடிக்க முடியுமா என்று பார்க்க, இந்த மாவட்டத்தின் 275 வார்டுகளில் 1,15,652 பெண்களைச் சேர்த்து 2006-ல் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். ஒரு பாதிக்குப் பரிசோதனை செய்து மறுபாதியோடு ஒப்பிட்டார்கள். முப்பது வயதிலிருந்து அறுபத்தொன்பது வரை உள்ளவர்களைச் சேர்த்தார்கள். அத்தைக்குக் கட்டி வந்தது எழுபத்தொன்றில். எந்த வரிசையிலும் முண்டியடித்து நிற்கிற பழக்கம் அவளுக்கு எப்போதும் கிடையாது.

சிகிச்சை நடந்தது வேறோர் ஆஸ்பத்திரியில். ஆர்.சி.சி. அல்ல என்று மட்டும் சொல்லிவைக்கிறேன், பெயர் வேண்டாம். அங்கே எல்லாம் சீராக நடந்தது. கட்டி சின்னது, மார்பை எடுக்காமல் கட்டியை மட்டும் எடுத்தார்கள். ஹார்மோனைத் தின்று வளர்கிற வகை என்று பரிசோதனை சொன்னது. வயதானவர்களுக்கு வருகிற மார்பகப் புற்றில் பெரும்பகுதி இந்த வகைதான். கதிர்வீச்சு தேவையில்லை, மாத்திரை போதும் என்றார்கள். வீட்டில் எல்லாருக்கும் அப்பாடா என்றிருந்தது.

இது வாயில் வந்ததைச் சொன்னதல்ல, ஆராய்ச்சி சொன்னது. அமெரிக்காவில் எழுபதும் அதற்கு மேலும் வயதான 636 பெண்களை வைத்துச் செய்த ஆய்வு 2004-ல் வெளியானது. கட்டியை எடுத்தபின் ஒரு பிரிவுக்கு மாத்திரையோடு கதிர்வீச்சு, இன்னொரு பிரிவுக்கு மாத்திரை மட்டும். ஐந்து வருஷத்தில் அதே இடத்தில் நோய் திரும்பியது முதல் பிரிவில் நூற்றுக்கு ஒருவருக்கு, இரண்டாவது பிரிவில் நால்வருக்கு. உயிர் பிழைப்பதில் வித்தியாசம் இல்லை. ஆக, தள்ளாத வயதில் வாரக்கணக்காகக் கிழக்கேகோட்டையில் பஸ் ஏறிக் கதிர்வீச்சுக்கு அலைய வேண்டாம் என்பது நியாயமான கருணைதான். அந்தக் கருணை மாத்திரை என்ற ஒற்றைக் காலில் நிற்கிறது. அவ்வளவு முக்கியமான காலை யாரும் தொட்டுக்கூடப் பார்க்காதது மரியாதையினால் இருக்கும்.

மாத்திரையைப் பற்றியும் நல்லதாகவே சொல்ல வேண்டும். பூசணி விதையைவிடச் சிறியது. மாதவிடாய் நின்ற பிறகும் பெண்ணுடம்பு ஈஸ்ட்ரோஜனை முழுக்க விட்டுவிடுவதில்லை. அட்ரீனல் சுரப்பியிலிருந்து வருகிற கச்சாப் பொருளைக் கொழுப்பில் இருக்கிற அரோமடேஸ் என்ற நொதி ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்கும். லெட்ரோசோல் அந்த நொதியைக் கட்டிப்போடுகிறது. மிச்சம் மீதி இருந்த ஈஸ்ட்ரோஜனும் வற்றுகிறது. புற்றுச் செல்லுக்குத் தீனி இல்லை. டமாக்சிபென் என்ற பழைய மாத்திரையே, ஐந்து வருஷம் சாப்பிட்டால், இந்த வகை நோயில் சாவை மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது. மாதவிடாய் நின்றவர்களுக்கு லெட்ரோசோல் வகை அதைவிடக் கொஞ்சம் மேல். அத்தையின் அலமாரியில் பாச்சை உருண்டையோடு கிடந்தது அப்பேர்ப்பட்ட சரக்கு.

ஐந்து வருஷம் என்றால் 1826 மாத்திரை, லீப் வருஷத்தையும் சேர்த்து. சிலருக்குப் பத்து வருஷம் என்கிறார்கள். பத்து வருஷம் என்று எழுபத்தொரு வயதுக்காரியிடம் சொல்வதில் ஓர் ஆசீர்வாதமும் இருக்கத்தான் செய்கிறது.

இனி வரங்கள். ஈஸ்ட்ரோஜன் வற்றினால் புற்று மட்டுமா பட்டினி கிடக்கும்? மூட்டு, எலும்பு, தோல், தூக்கம், உடம்பின் சூட்டைக் காக்கிற ஏற்பாடு எல்லாமே அதை நம்பித்தான் இருந்தன. இரண்டாவது மாதம் அத்தைக்குச் சூடு ஏறத் தொடங்கியது. நெஞ்சிலிருந்து கிளம்பி முகத்துக்கு வந்து, வியர்த்துக் கொட்டி, பிறகு குளிரெடுக்கும். ஆற்றுகால் பொங்காலைக்கு வருஷத்தில் ஒருநாள் சாலைத் தெருவெல்லாம் செங்கல் அடுப்புக் கூட்டிப் பெண்கள் வெயிலிலும் தீயிலும் உட்காருகிறார்கள். 2009-ல் இருபத்தைந்து லட்சம் பேர் என்று கின்னஸில் ஏறிய விழா அது. மாத்திரை தயவில் அத்தைக்குத் தினம் நாலுதரம், அடுப்பில்லாமல், விறகுச் செலவில்லாமல், நடுராத்திரியில்கூட. ஆனால் நிஜப் பொங்காலைக்கு அந்த வருஷம் அவள் போகவில்லை. குத்தவைத்து உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் எழ இரண்டு ஆள் வேண்டும்.

அடுத்து விரல்கள். காலையில் எழுந்ததும் கை மூடாது, மூடினால் திறக்காது. வெந்நீரில் முக்கி அரைமணி நேரம் பிசைந்தால்தான் நார் பிடிக்க வரும். விடியுமுன் பூ வருகிற தெருவில் அரைமணி நேரத்துக்கு என்ன விலை என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. முடிச்சு தளர்ந்தது, பூ உதிர்ந்தது. கடைக்காரர் நல்ல மனுஷர். ஒரு சொல் கடிந்ததில்லை. பக்கத்தில் ஒரு சின்னப் பெண்ணை உட்காரவைத்தார், அவ்வளவுதான்.

இதை ஏன் டாக்டரிடம் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அவருடைய நேர்த்தியை நான் சொல்லியாக வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, நாலு நிமிஷம். ஒருமுறை நானும் கூடப் போயிருந்தேன். கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே, "குளிக முடங்காதெ கழிக்குந்நில்லே?" என்றார். மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறீர்கள்தானே என்று அர்த்தம். பதிலையும் கேள்விக்குள்ளேயே வைத்துத் தருகிற பண்பு எத்தனை பேருக்கு வரும்? அத்தை "உண்டு" என்றாள். "மிடுக்கி!" என்றார். கெட்டிக்காரச் சிறுமிகளைச் சொல்வார்களே, அந்த மிடுக்கி. எழுபத்து மூன்று வயதில் அந்தப் பட்டம் கிடைத்தவள் பிறகு எந்த வாயால் உண்மையைச் சொல்வாள்?

அதற்கும் முன்னால் ஒருமுறை மூட்டு வலிக்கிறது என்று அவள் சொல்லித்தான் இருக்கிறாள். வயதானால் வலிக்கும் என்று பதில் வந்தது. அதற்கும் ஆராய்ச்சித் துணை உண்டு. நோய் வரும் வாய்ப்பு அதிகமுள்ள 3,864 பெண்களில் பாதிப் பேருக்கு இதே குடும்பத்து அனஸ்ட்ரோசோலும் பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். மூட்டு, தசை உபாதை சொன்னவர்கள் மருந்துப் பிரிவில் நூற்றுக்கு 64, மாவுப் பிரிவில் 58. வித்தியாசம் ஆறுதான். அவசரமாக அடுத்த ஆளைக் கூப்பிட வேண்டிய டாக்டருக்கு இதைவிட நல்ல சேதி கிடையாது. அந்த 58 பேருக்கும் வலித்தது என்பது அதே கணக்கில்தான் இருக்கிறது. யாருடைய வலி மருந்தால், யாருடையது வயதால் என்று பிரித்துச் சொல்ல முடியாததால், இரண்டையுமே விசாரிக்காமல் விடுவது பாரபட்சமற்ற ஏற்பாடு.

விதவையிடம் கேட்கக் கூடாத கேள்விகளை அவர்கள் கேட்காமலிருந்ததும் நம் பண்பாட்டுக்கு ஏற்றதே. இந்த மருந்து பெண்ணுறுப்பை வறளச் செய்யும்; மூத்திரம் போனால் எரியும்; உட்கார்ந்தால் உறுத்தும். கணவன் போய்ப் பத்து வருஷமானவளுக்கு அங்கே என்ன பிரச்சினை இருந்துவிடப் போகிறது என்று எல்லாரும் நாகரிகமாக நினைத்துக்கொண்டார்கள். எரிச்சலுக்குப் பயந்து அத்தை தண்ணீர் குடிப்பதைக் குறைத்தாள், அதுவும் சாலையின் சித்திரை வெயிலில்.

எலும்பு தேய்கிறதா என்று பார்க்கிற ஸ்கேன் ஒன்று இருக்கிறது. மாத்திரை தொடங்கும்போதே எடுக்க வேண்டும். அத்தைக்கு எடுக்கவில்லை. அந்தச் செலவு மிச்சம்.

மருந்துக் கடைப் பையனை மறந்துவிடக் கூடாது. முதல்முறை சீட்டைப் பார்த்தவன், "மருமகளுக்கா அம்மச்சி?" என்று கேட்டிருக்கிறான். அவன்மேல் தப்பில்லை. குழந்தைக்குக் காத்திருக்கிற பெண்களுக்குக் கருமுட்டை முதிர இதே லெட்ரோசோலைத்தான் கொடுக்கிறார்கள். 2011-ல் அந்த உபயோகத்துக்கு மத்திய அரசு தடைபோட்டு, சில வருஷம் கழித்துத் தடையை எடுத்தது. அண்ணன் டமாக்சிபென் கதை இதற்கு நேர் எதிர். 1962-ல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. கம்பெனியில் டோரா ரிச்சர்ட்சன் என்ற பெண்மணி அதை உருவாக்கியபோது தேடியது கருத்தடை மருந்தை. பெண்களிடம் அது கருவைத் தடுக்காமல் கருமுட்டையைத் தூண்டிவிட்டது; பிறகுதான் புற்றுநோய்க்கு வந்தது. இதெல்லாம் அத்தைக்கு எப்படித் தெரியும்? பிள்ளை பெறுகிற மாத்திரையைத் தனக்கு ஏன் கொடுத்தார்கள் என்று ஒரு மாதம் மனசுக்குள் வைத்துக் குமைந்திருக்கிறாள். கேட்டால் சிரிப்பார்கள் என்று கேட்கவில்லை.

விலையைக் காரணம் சொல்ல முடியாது. உள்நாட்டுக் கம்பெனிகள் பலவும் இதைத் தயாரிக்கின்றன. கேரள அரசு 2024-ல் புற்றுநோய் மருந்துகளை லாபமில்லாமல் விற்கக் கவுண்டர்களே திறந்திருக்கிறது. அத்தான், அதாவது அத்தையின் மகன், ஒரு மாதம்கூடத் தவறாமல் வாங்கி வந்தார். முதல் தேதி சம்பளம், இரண்டாம் தேதி மாத்திரை. இப்படிப்பட்ட பிள்ளை யாருக்குக் கிடைக்கும்? வாங்கித் தருவதோடு தன் கடமை முடிந்தது என்று எல்லை தெரிந்தவர். அம்மா ராத்திரி எழுந்து வாசல்படியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தும், "காத்து வாங்குதா" என்று ஒதுங்கிப் போகிற தன்மை அவருக்கு உண்டு. பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, தைராய்டு மாத்திரை, கொழுப்பு மாத்திரை என்று காலையில் ஆறு நிறம் வாய்க்குள் போகிற வீட்டில், ஏழாவது நிறம் போகாததை யார் கவனிப்பார்கள்? நானும் மாதம் ஒருமுறை போய் காப்பி குடித்துவிட்டுத்தான் வந்தேன். என்னையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள், தன்னடக்கம் ஓரளவுக்குத்தான்.

அத்தையைப் பாராட்டாமல் விட்டால் பாவம். எங்கள் பக்கத்தில் நல்ல பெண்ணுக்கு அடையாளம், இருக்கிற இடம் தெரியாது என்பது. வலித்தால்கூடச் சத்தம் வராது. "ஒனக்கு எப்பிடி இருக்கு அத்தை?" என்றால், "சொகந்தான் மக்கா, காப்பி குடிக்கியா?" என்பாள். அந்தப் பொறுமை பதினாலு மாதம் மாத்திரையை விழுங்கியது. பதினைந்தாவது மாதம், யாருக்கும் மனவருத்தம் தராமல், விழுங்குவதை நிறுத்தியது. டாக்டருக்கு உண்டு, மகனுக்கு உண்டு, அலமாரிக்கும் உண்டு.

அத்தை ஏதோ அபூர்வப் பிறவி என்று நினைக்க வேண்டாம். வட கலிபோர்னியாவில் 8,769 பெண்களின் கணக்கைப் பார்த்து 2010-ல் ஓர் ஆய்வு வந்தது. இந்த ஹார்மோன் மாத்திரையை முழுக் காலமும் ஒழுங்காக எடுத்தவர்கள் நூற்றுக்கு 49 பேர்தான். சீக்கிரம் விட்டவர்களில் அதிகம் யார்? ரொம்ப இளையவர்கள், ரொம்ப மூத்தவர்கள், கட்டியை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள், வேறு வியாதிகளும் உள்ளவர்கள். நாலில் மூன்றில் அத்தைக்கு முதல் மார்க். இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், அவர்கள் எண்ணியது மருந்து வாங்கிய கணக்கை. வாங்கினால் சாப்பிட்டதாக அர்த்தம். அந்தக் கணக்கில் அத்தை வந்திருந்தால் நூற்றுக்கு நூறு வாங்கியிருப்பாள். விஞ்ஞானமும் அத்தானும் ஒரே மாதிரி எண்ணுகிறார்கள் என்பது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

பட்டுச்சேலை எதற்கோ தேவைப்பட்டு என்னை எடுக்கச் சொன்னாள். எந்த அடுக்கு என்பதை மறந்துவிட்டாள். அப்படித்தான் அகப்பட்டது. ஏன் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தாள்.

"பூ கெட்ட முடியல்ல மக்கா. அந்த நோவு வந்தா செத்துப்போவேன், சரி. இது வந்தா இருந்துக்கிட்டே ஒண்ணுக்கும் ஆகாம போயிருவேன்லா?"

"பிறகு எதுக்கு மாசா மாசம் வாங்க விட்டீங்க?"

"அவன் ஆசையா வாங்கிட்டு வாறான்..."

வேறொரு டாக்டரிடம் கூட்டிப்போனோம். அவர் திட்டவில்லை, கெட்டிக்காரி என்று சொல்லவுமில்லை. விரலை மடக்கிப் பார்த்தார், எத்தனை மணிக்குத் தூக்கம் கலைகிறது என்று கேட்டார், அத்தானையும் என்னையும் வெளியே அனுப்பிவிட்டு நர்ஸை உள்ளே வைத்துக்கொண்டு இன்னும் ஏதோ கேட்டார். இருபது நிமிஷம். ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் அதே குடும்பத்தில் இன்னொன்று ஒத்துக்கொள்ளலாம் என்றார். எக்ஸமெஸ்டேன் எழுதினார். அதுவும் தாங்காவிட்டால் டமாக்சிபென் இருக்கிறது. கருப்பையையும் ரத்தக்கட்டையும் கவனித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான், மாத்திரையே வேண்டாம் என்ற இடத்துக்கு அதற்குள் போக வேண்டியதில்லை என்றார். எலும்பு ஸ்கேன், வைட்டமின் டி, கால்சியம். பிறகு நடை. அமெரிக்காவில் இந்த மாத்திரையால் மூட்டுவலி வந்த 121 பெண்களை வைத்து ஒரு சோதனை செய்து 2015-ல் வெளியிட்டார்கள். வாரம் 150 நிமிஷ நடையும் இரண்டு நாள் பளு தூக்குவதும் ஒரு வருஷத்தில் வலியை முப்பது சதவீதம் போலக் குறைத்திருந்தன. பளுவுக்கு அத்தை இரண்டு குப்பியில் தண்ணீர் நிரப்பி வைத்திருக்கிறாள். சாயங்காலம் ஆரியசாலை வரை போய் வருகிறாள். சூடு இன்னும் ஏறத்தான் செய்கிறது. தினம் நாலுதரம் இல்லை, ஒன்றோ இரண்டோ.

பழைய இருபத்தோரு அட்டையை மருந்துக் கடையில் திருப்பி எடுக்க மாட்டேன் என்றுவிட்டான் பையன். அத்தான் அதற்காகக் கொஞ்சம் வருத்தப்பட்டார்.

புது அட்டை அலமாரியில் இல்லை. வாழைநாரும் கத்திரியும் கிடக்கிற தட்டில், ஓரம் கசங்கி, ஈரம் பட்டு, பிச்சிப்பூ இதழ் ஒட்டிக் கிடக்கிறது. நேற்றுப் பார்த்தேன். எட்டுக் குழி உடைந்திருந்தது.